சீட்டுக்கு அடியில் இருந்த என்ஜின்

என் பிரியமுள்ள சூசை மாமாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. கேட்டாலும் ஒழுங்காகப் பதில் சொல்கிற ஆள் நீங்கள் இல்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் நேரே சேதிக்கு வருகிறேன். நம் வண்டி நின்றுவிட்டது.

இதை மடித்து அலமாரியில் வைக்காமல் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நம் வீட்டில் மூடி வைத்ததெல்லாம் போதும்.

நின்றது அடையாறு பாலத்தின் மேல். காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டு திருவான்மியூர் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் லூர்து அத்தை. பட்டினப்பாக்கம் தாண்டும்போதே, "குமாரு, சீட்டு ரொம்பச் சுடுதுடா இன்னிக்கு" என்றார். அத்தை அதைத் தினமும் சொல்வதுதானே. என்ஜினையே சீட்டுக்கு அடியில் வைத்த பிக்கப்பில் சுடாமல் என்ன செய்யும்? நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலத்தில் ஏறியதும் உள்ளே ஒரு சத்தம், அப்புறம் ஆவி, அப்புறம் ஒன்றுமில்லை. பின்னால் வந்த பஸ்காரன் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

நான் சீட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "ஜெரால்டு வந்தான்னா ஒரு நிமிஷத்துல ரிப்பேர் பண்ணிடுவான். அவன் கைக்கு நிக்காத என்ஜினே கெடையாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வரப்போகிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

உங்கள் மகனை நான் பார்த்ததே இல்லை, மாமா. நான் கே.கே. நகரிலிருந்து ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் வந்தபோதே அவர் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. கடலுக்குப் போன இடத்தில் காற்று திரும்பி, படகின் என்ஜினும் நின்றுபோயிருக்கிறது. கூடப் போன தாஸ் அண்ணனை அலை தூக்கி வெளியே போட, வேறொரு லாஞ்சு அவரைக் காப்பாற்றியது. "படகு கவுழல. ஜெரால்டு அதுலதான் இருந்தான். அப்படியே இழுத்துக்கினு பூடுச்சு" என்று அவர் வந்து சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அத்தை இத்தனை வருஷமும் பிடித்துக்கொண்டிருந்தார். படகு கிடைக்கவில்லை. படகு கிடைக்காதவரைக்கும் பிள்ளை எங்கேயோ கரை ஏறியிருக்கிறான். ஆந்திராப் பக்கமாக இருக்கும், பர்மாவாகக்கூட இருக்கும். பாஷை தெரியாத ஊரில் ஜெயிலில் வைத்திருப்பான்கள். நம் குப்பத்திலேயே அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு என்று ஆள் பெயர் சொல்லுவார்.

அதனால்தானே அந்த வீட்டில் ஜெரால்டுக்கு ஒரு பூசை வைத்ததில்லை. படத்துக்கு மாலை போட்டதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு புதுச் சட்டை எடுத்து, குண்டூசிகூடக் கழற்றாமல் பீரோவில் அடுக்கினார். நீங்கள் போனபோது ஒட்டிய போஸ்டரில் 'இவர் பிரிவால் வாடும்' என்று போட்டு, மனைவிக்கு அடுத்து 'மகன் ஜெரால்டு' என்று போடச் சொல்லி அச்சாபீசில் உட்கார்ந்து சண்டை போட்டார். உங்கள் கல்லறைக் கல்லிலும் அப்படியே வெட்டவைத்தார். மனைவி லூர்து மேரி, மகன் ஜெரால்டு, மகள் ஸ்டெல்லா, மருமகன் குமார். செத்த அப்பாவுக்காக உயிரோடிருக்கிற பிள்ளை அழுவதாகக் கல்லிலேயே எழுதியாகிவிட்டது. நீங்கள் அதைக் கீழேயிருந்து படித்தீர்களா?

சரி, வண்டிக்கு வருகிறேன். திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் பாஷா பாய் செட்டுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். பாயை உங்களுக்குத் தெரியாது. தெரிய விட்டிருக்கவும் மாட்டீர்கள். நீங்கள் இருந்தவரை அந்த சீட்டைத் தூக்க எந்த மெக்கானிக்கையும் விட்டதில்லையே. ஆயில் மாற்றுவதிலிருந்து பெல்ட் மாட்டுவது வரை எல்லாம் உங்கள் கை. நான் ஒரு தடவை ஸ்பேனரோடு கிட்டே வந்ததற்கு, "உன் வேலை ஸ்டீரிங்கு, அத்தப் பாரு" என்றீர்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

பாய் ஆர்.சி. புக்கைப் பார்த்து அந்த மாடலுக்கான ஹெட் கேஸ்கட், என்ஜின் தலைக்கு அடியில் வைக்கிற தகடு, வாங்கி வந்தார். வைத்துப் பார்த்தால் ஓட்டை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம். "இன்னாபா இது, வண்டி ஒரு கம்பெனி, உள்ள கீறவன் வேற எவனோ" என்றார். மாமா என்ஜின் மாற்றினார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும், எதை மாட்டினார் என்று தெரியாது என்றேன். "அத்தத் தெரிஞ்சாத்தானே நான் சாமான் வாங்கறது? குத்துமதிப்பா வாங்கியாந்து மாட்டச் சொல்றியா?" என்று கத்தினார். ஜீப் என்ஜின் என்று முதலில் சத்தியம் பண்ணினார். அது இல்லை என்றானது. டெம்போ என்றார். அதுவும் இல்லை. அவர் வாயிலேயே விழாத ஒரு பெயரை அந்த இரும்பு வைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் செயின் போட்டு வெளியே தூக்கித் தொங்கவிட்டார். தூக்கினதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. என்ஜின் உட்காருகிற தாங்கிகளை வெட்டி, வேறு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. மேல்மூடியைச் சுற்றி மூலைமுடுக்கெல்லாம் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. பாய் அதைக் கிரீஸ் என்று நினைத்துச் சுரண்டி மோந்து பார்த்தார். "மொழுகுபா" என்றார். "மொழுகுவத்தி. இன்னாத்துக்கு என்ஜின் மேல மொழுகு?"

எனக்கு அது தெரியும் என்று நினைத்தேன். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், உங்கள் அப்பா அம்மா கல்லறைக்குப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புவோம். பாக்கி ஒரு மெழுகுவர்த்தியை எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வீர்கள். வீட்டுக்கு வந்ததும் என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, சீட்டைத் தூக்கி, மூடி மேல் அதை ஏற்றி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வீர்கள். அது அணையும்வரை எழுந்திருக்க மாட்டீர்கள். நான்கூட, "மாமா, மனுஷனுக்குத்தான் கல்லறைத் திருநாள். வண்டிக்குமா?" என்று கிண்டல் பண்ணினேன். "எரியட்டும் வுடு மாப்ள" என்றீர்கள். வண்டியை மந்திரிக்கிறாராம் என்று அத்தை உள்ளேயிருந்து சிரித்தார். அத்தையும் சிரித்தார், மாமா.

அடுத்த நாள் பாய் என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகட்டைக் கண்டுபிடித்தார். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு ஓட்டை. தண்ணீர் ஓடுகிற பாதை முழுவதும் அரித்து, பொரிப் பொரியாக உதிர்ந்தது. விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "இத்து ரோட்டு மேல ஓடின என்ஜின் இல்ல. கடல் தண்ணி குடிச்ச என்ஜின். பழைய வேன் என்ஜினத் தூக்கிப் படகுல மாட்டிக்கிறாங்க. இந்த ஓட்டைல கடல் தண்ணி பம்ப்பு இருந்துருக்கும். அப்பால படகுலேர்ந்து எடுத்து உன் வண்டில வச்சுக்கிறாங்க" என்றார். அவருக்குக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். எந்த வேன் என்று தெரிந்தால் சாமான் கிடைத்துவிடும் என்று, நம்பர் தேடுவதற்காக மேல்மூடியின் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஸ்டெல்லா அங்கே வந்தாள், எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு. பெயின்ட் எத்தனை பூச்சு, மாமா. கறுப்புக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே கறுப்பு. எல்லாவற்றுக்கும் கீழே படகுக்கு அடிக்கிற அந்த நீலம். நீலத்தோடு சேர்ந்து பித்தளையில் ஒட்டின ஒரு சின்னச் சிலுவை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, கோணலாக.

ஸ்டெல்லா பையைக் கீழே வைத்தாள். விரலால் அந்தச் சிலுவையைத் தடவினாள். "இத்து அண்ணன் வெச்சது" என்றாள். அவர் வெல்டிங் கற்றுக்கொண்ட புதிதில் வைத்ததாம். கை நழுவி ஒரு பக்கம் குட்டையாகப் போனதற்கு, கோயில் சாமியாருக்குத் தெரிந்தால் படகை மந்திரிக்க மாட்டார் என்று வீடே கிண்டலாக ஓட்டினதாம். நீங்களும்தான் ஓட்டினீர்களாம். "நம்ம படகு என்ஜின், குமாரு. அண்ணன் போன படகு" என்றாள். பாய் பெயின்ட் சுரண்டக் கையில் வைத்திருந்த தகட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம் அவளே எல்லாவற்றையும் கோத்துச் சொன்னாள். படகு போன பிறகு எல்லோரும் வடக்கே தேடினார்கள். நீங்கள் மட்டும் ஒரு நாள் யாரிடமோ பேசிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனீர்கள். போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது, என்ஜின் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று போன் செய்தீர்கள். பல நாள் கழித்து வந்தீர்கள், தாடியும் கறுத்த முகமுமாக. அலைந்து திரிந்து களைத்துப்போய்விட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தெற்கே ஏதோ ஒரு மணலில் உங்கள் படகு கிடந்திருக்கிறது. ஆள் இல்லாமல். நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அந்த செட்டிலேயே சண்டை. "அம்மா காலைல எழுந்துக்கறதே அவன் வருவான்னுதான். நீ வாயத் தொறந்தினா அப்பால நான் உன்னாண்ட பேச மாட்டேன்" என்றாள். அவள் உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை. நானோ எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டேன். வீட்டில் அத்தை, "இன்னா என்ஜின்னு கண்டுபுடிச்சாரா பாய்?" என்று கேட்டபோது, வேன் என்ஜின் என்றேன். பொய் இல்லையே. நீங்களும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பீர்கள், இல்லையா?

எங்கள் சாமர்த்தியம் ரொம்ப நாள் தாங்கவில்லை. வண்டி இல்லாமல் ஆட்டோவில் மீன் கூடையோடு அல்லாடின அத்தை, ஒரு நாள் மார்க்கெட் முடிந்ததும் நேரே செட்டுக்கு வந்துவிட்டார். பாயை நாலு கேள்வி கேட்கத்தான் வந்தார். ஸ்டெல்லா ஓடிப்போய் என்ஜினை மறைத்துக்கொண்டு நின்றாள். மறைக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் பெற்றவளுக்குத் தெரியாதா? அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். சிலுவையைத் தொடவில்லை. "படகு கெடச்சுதா?" என்றார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை, மாமா. "மாமா தெக்க போய் என்ஜின் மாத்திக்கினு வந்தாருல்ல, அத்தை. அப்ப" என்றேன். ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தை அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். "வந்து என்னாண்ட இன்னா சொன்னாரு தெரியுமா? எல்லாக் கரையும் தேடிட்டேன் லூர்து, ஒண்ணுமே கெடைக்கல, கெடைக்காதது நல்ல சேதின்னாரு. அன்னிக்கு வஞ்சிர மீன் கொழம்பு வச்சேன். துன்னாரு. நல்லா கீதுன்னு வாங்கித் துன்னாரு." எழுந்து போய், காலில் இருந்த செருப்பைக் கழற்றி அந்த என்ஜினை அடித்தார். ஒரு அடி, அப்புறம் கை ஓயும்வரை. "இத்து மேலயாடா என்னக் குந்தவெச்சு இட்டுக்கினு போனாரு? தெனம் சுடுது சுடுதுன்னேனே. அப்பயாவது சொல்லலாமுல்ல." யாரும் தடுக்கவில்லை. இரும்புச் செயின் ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு உங்கள் மேல் கோபம், மாமா. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். பிள்ளையை நினைத்து அழ ஒரு இடம் உங்களுக்கு இருந்தது. அதைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒரு அம்மாவுக்கு அந்த இடத்தைக் கொடுக்காமல், அதற்கு மேலேயே உட்காரவைத்தீர்கள். அத்தையின் நம்பிக்கையைக் காப்பாற்றினேன் என்பீர்கள். யாருக்காக? உடைந்து அழுகிற அத்தையைப் பார்க்க உங்களுக்குத் தெம்பில்லையா? அப்படியென்றால் அந்த என்ஜினை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாமே. ஏன் எடுத்து வந்தீர்கள்? விடவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை, அப்படித்தானே. தனியாக அந்த மெழுகுவர்த்தி முன்னால் உட்கார்ந்திருந்த உங்களை நினைத்தால் கோபமும் முழுசாக நிற்க மாட்டேன் என்கிறது.

பிளாக் வெடித்துவிட்டது, இனி அது ஓடாது என்று பாய் சொல்லிவிட்டார். வேறு என்ஜின் வைத்தாகிவிட்டது. இந்தத் தடவை அது எந்த வண்டியில் இருந்தது, ஏன் கழற்றினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். உங்கள் என்ஜினைப் பாய் செட்டிலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமா, சிலுவை இருக்கிற மூடியையாவது வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "வாணாம். இரும்பு அது. எடைக்குப் போடு" என்றார். போட்டுவிட்டேன். லாரியில் ஏற்றும்போது ஸ்டெல்லா மட்டும் வந்து நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை பீரோவைத் திறந்து அந்தச் சட்டைகளையெல்லாம் வெளியே எடுத்தார். ஒவ்வொன்றிலும் குண்டூசியைக் கழற்றி ஒரு தட்டில் போட்டார். எனக்கு ஒன்றைக் கொடுத்து, "போட்டுக்கடா, உன் அளவுதான்" என்றார். மிச்சத்தைக் கோயிலில் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் வண்டியில் ஒன்றும் பேசுவதில்லை. சீட்டு சுடுகிறதா என்று நானாகக் கேட்டால், இல்லை என்கிறார்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உங்களைப் பார்க்க வந்தேன். நாங்கள் போவதற்கு முன்பே அத்தை கல்வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார். கீழே 'வாடும்' என்கிற வரியில் இருக்கிற 'மகன் ஜெரால்டு' என்பதை எடுத்துவிட்டு, மேலே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வெட்டச் சொன்னார். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் பூவும் ஊதுவத்தியுமாக இருக்க, அந்த ஆள் உளியால் கீழ் வரியைச் செதுக்கித் தள்ளினார். பெயர் தூளாகிக் கீழே விழுந்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அசையவில்லை.

மேலே பெயரை வெட்டி முடித்து, பிறந்த தேதியும் போட்டாகிவிட்டது. அந்த ஆள் நிமிர்ந்து, "மறைஞ்ச தேதி இன்னாம்மா?" என்றார்.

அத்தை உங்கள் கல்லறையைக் கையால் காட்டினார். "அத்த இவராண்ட கேளு" என்றார்.

அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது, மாமா. அத்தை அதற்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஜெரால்டுக்கு அத்தை ஏற்றிய முதல் மெழுகுவர்த்தி. பாக்கி ஒன்று கையில் இருந்தது. அதை உங்களுக்கு ஏற்றுவாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னிடம் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். உங்களுக்கு நான்தான் ஏற்றினேன்.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். மழை விட்டதும் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போவேன். கரை கரையாக, ஊர் ஊராக, செட் செட்டாகக் கேட்பேன். கோணல் சிலுவை வைத்த நீல என்ஜினைப் படகிலிருந்து கழற்றி வண்டியில் மாட்டிக் கொடுத்த ஆள் யாராவது இருப்பான். எந்த மணல், எந்த நாள், படகில் வேறு என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் அத்தையை அந்த மணலுக்குக் கூட்டிப்போவேன். அந்தத் தேதியைக் கல்லில் வெட்டவைப்பேன். ஒன்றும் கிடைக்காவிட்டால், வீட்டுக்கு வந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று அத்தையிடம் சொல்வேன். அதை நல்ல சேதி என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கல்லின் கீழ் வரியில் ஒரு பெயர் போனதால்
ஓர் இடம் முன்னால் வந்துவிட்ட மருமகன்,
குமார்